மணிப்பலகைக்குக் கீழே எழுதியது

அந்தப் பழைய மாளிகைக்கு மூன்றே மூன்று வாசற்படிகள்தான். ஆனாலும் முதல் படியில் கால் வைத்ததும் மகள் தயங்கி நின்றுவிட்டாள். அவள் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு மாடி உயரத்தில், கூண்டின் கூரைமேல் நின்றுகொண்டு, கம்பிவடத்தைத் தடவிப் பார்த்தே தேய்மானம் சொல்கிறவள். அங்கெல்லாம் தயங்காதவள் இங்கே தயங்கியதற்குக் காரணம் பக்கத்தில் நின்ற அம்மா.

அம்மா இந்த வீட்டில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். நூல் ஆலை முதலாளி ஒருவர் கட்டிய வீடு. அவரும் போய், அவர் மனைவியும் போய், பிள்ளைகள் ஆளுக்கொரு திசையில் குடியேறி, வீடு வெகுகாலம் பூட்டிக் கிடந்தது. போன வருஷம் நகராட்சி அதைத் தூசு தட்டி, ஒரு சின்ன அருங்காட்சியகமாகத் திறந்துவிட்டது.

போன வாரம், வேலைத்தளத்தில் டீ குடிக்கும்போது, கூட வேலை பார்க்கும் எலெக்ட்ரீஷியன் பையன் அந்தப் பேச்சை எடுத்தான்.

“அங்க ஒரு மணிப்பலகை இருக்குக்கா. உனக்கு ரொம்பப் பிடிக்கும், எல்லாம் கம்பியும் ஸ்பிரிங்கும்தான். அதுக்குக் கீழ ஒரு கதை எழுதி வெச்சிருக்கான் பாரு, சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுடுச்சு. வீட்டம்மா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு மணி அடிக்கிறாங்களாம். வேலைக்காரி சமையக்கட்டுல கொறட்டை விட்டுத் தூங்குறாளாம்!”

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு ஏணியில் ஏறிவிட்டாள். அந்த வேலைக்காரி யார் என்று அவளுக்குத் தெரியும். நாற்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், அவளுக்கு ஒன்பது வயதில், அம்மா ஒரு மத்தியானம் துணிமூட்டையோடு வீட்டுக்கு வந்தாள். ‘தூங்கிட்டான்னு சொல்லி அனுப்பிட்டாங்க’ என்றாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வீட்டிலும் அவளை வேலைக்கு எடுக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டே மகளைப் படிக்க வைத்தாள். போகட்டும், காலம் எல்லாவற்றையும் தின்று செரித்துவிடும் என்று நினைத்தால், இப்போது அதை அச்சடித்துச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்த அட்டையை எடுக்க வைக்க வேண்டும். அதற்காகத்தான் வந்தாள். தனியாக வருவதாகத்தான் திட்டம். ஆனால் எழுபத்தாறு வயதிலும் அம்மாவுக்குத் தெரியாமல் அவர்கள் வீட்டில் ஒரு செருப்பு நகராது.

“ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குச் சீவிச் சிங்காரிச்சு எங்கடி கிளம்பிட்ட?”

“அந்த மாளிகையத் திறந்திருக்காங்கல்ல, ஒரு ஆளைப் பார்க்கணும்.”

“நான் துடைச்ச வீட்டை நீ மட்டும் போய்ப் பார்த்துட்டு வருவியா? நல்லா இருக்கே நியாயம்! இரு, புடவை மாத்திக்கிறேன்.”

அட்டையைப் பற்றி அம்மாவுக்குச் சொல்ல மகளுக்கு நா எழவில்லை. முதலில் உள்ளே போவோம், அம்மாவை மாடியில் எதையாவது காட்டி நிறுத்திவிட்டு நான் மட்டும் அந்தப் பக்கம் போய்ப் பேசிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். மனக்கணக்கு எப்போதும் சுலபமாகத்தான் இருக்கும்.

உள்ளே நுழைந்ததும் வரவேற்றவர் காப்பாளர். மெலிந்த மனிதர், நாற்பத்தைந்து வயதிருக்கும். இந்த அருங்காட்சியகத்தில் டிக்கெட் கிழிப்பதும் அவர்தான், விளக்கம் சொல்வதும் அவர்தான், மாலையில் ஜன்னல் சாத்துவதும் அவர்தான்.

“நூத்திப் பதினாறு பொருள், நூத்திப் பதினாறு அட்டை. எல்லாம் நானே ஆராய்ச்சி பண்ணி எழுதினது. படிச்சுப் பார்த்துக்கிட்டே வாங்க. எதையும் தொடாதீங்க, அவ்வளவுதான்” என்றார்.

அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாள். கூடத்தில் நின்றாள். சாப்பாட்டு அறையில் நின்றாள். தொடக்கூடாது என்றால் தொடமாட்டாள்; சொல்லக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

“இந்த அலமாரி இங்க இருக்காது தம்பி. ஜன்னல் வெயில் பட்டா மெருகு போயிடும்னு அந்தச் சுவத்துலதான் இருக்கும்.”

காப்பாளர் புன்னகைத்தார். அடுத்த அறையிலும் அப்படி ஒரு திருத்தம் வந்தது. புன்னகை கொஞ்சம் சுருங்கியது. மூன்றாவது அறையில், “இது பூச்சாடி இல்ல தம்பி, குடை வெக்கிறது. அடியில ஓட்டை இருக்கும் பாருங்க, தண்ணி வடியறதுக்கு” என்றபோது அவர் குனிந்து பார்த்தார். ஓட்டை இருந்தது.

“நீங்க இந்தக் குடும்பத்துக்குச் சொந்தமா?”

“சொந்தம்னா சொந்தம்” என்று சொல்லிவிட்டு அம்மா, யாரும் தடுத்து நிறுத்துமுன், வலது பக்கத்து ஒடுங்கிய வழியில் திரும்பிவிட்டாள். கால்களுக்கு வழி மறக்கவில்லை. அது சமையலறைக்குப் போகும் நடை. மகள் பின்னாலேயே ஓடினாள். காலம் கடந்துவிட்டது.

நடையின் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, நீளமான ஒரு மரப்பலகை. அதில் வரிசையாக ஒன்பது வெண்கல மணிகள்.

மின்சார மணி வருமுன் பெரிய வீடுகளில் ஆளைக் கூப்பிட இருந்த ஏற்பாடு அது. பார்க்க வெகு சாதாரணம், யோசித்துப் பார்த்தால் வெகு சாமர்த்தியம். மாடியில் ஓர் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைப் பிடி இருக்கும். அதை இழுத்தால் அதோடு கட்டிய செப்புக் கம்பி சுவருக்குள் ஓடி வந்து இங்கே மணியை ஆட்டும். கம்பி நேராகத்தான் இழுக்கும், வீடோ மூலைக்கு மூலை திரும்பும். அதனால் ஒவ்வொரு மூலையிலும் முக்கோணமாக ஒரு சின்னத் தகடு, நடுவில் ஓர் ஆணியில் சுழலும்படி அடித்திருக்கும். மேலிருந்து வரும் இழுப்பை வாங்கி, அது பக்கவாட்டில் திருப்பிக் கொடுக்கும். இப்படிக் கைமாறிக் கைமாறி, நாற்பது அடி தூரத்து விரலசைவு இங்கே வந்து சேர்ந்துவிடும்.

மணிகள் ஒன்பதும் ஒன்பது அளவு. பெரியது கனத்த குரல், சின்னது கீச்சுக்குரல். சத்தத்தை வைத்தே எந்த அறை என்று சொல்லிவிடலாம். காது அவ்வளவு தேராதவர்களுக்கும் வழி இருந்தது. ஒவ்வொரு மணியும் ஒரு சுருள்வில்லில் தொங்கியது. அதன் அடியில் ஒரு குட்டி ஊசல். மணி ஓய்ந்தாலும் ஊசல் மட்டும் இரண்டு நிமிஷம் ஆடிக்கொண்டே இருக்கும். கை வேலையை முடித்துவிட்டு வந்து பார்த்தாலும் கூப்பிட்டது யார் என்று காட்டிக்கொடுக்கும். மணிக்கு மேலே ஒரு பித்தளைச் சட்டம், அதற்குள் அறையின் பெயர் எழுதிய சீட்டு.

மகள் ஒரு கணம் வந்த காரியத்தையே மறந்து அண்ணாந்து பார்த்தாள். அந்தக் கணத்தில்தான், அங்கே நின்றிருந்த ஒரு கணவன் மனைவியில் கணவன், கீழே மாட்டியிருந்த அட்டையை மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டினான்.

“‘கடைசி மணி. இவ்வீட்டின் எஜமானி, ஒரு பிற்பகலில் மாரடைப்பு கண்டு, உதவிக்கு மணியை இழுத்தார். சமையலறையில் இருந்த பணிப்பெண்ணோ ஆழ்ந்த உறக்கத்தில் இருந்தார். மணி நல்ல நிலையில் இருந்ததை அன்றே வீட்டுக் குமாஸ்தா சோதித்து உறுதி செய்தார். மணி விழித்திருந்தது, மனிதர் உறங்கினார்!’ எப்படி எழுதியிருக்கான் பாத்தியா!”

“நம்ம வீட்டுலயும் அதேதானே” என்றாள் மனைவி. “நான் கத்துறது உங்களுக்கு என்னைக்குக் கேட்டிருக்கு?”

இருவரும் சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போனார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை.

அம்மா அட்டையின் பக்கம் திரும்பவே இல்லை. மணிகளைப் பார்த்தபடி நின்றாள்.

“இதுக்குத்தான் வந்தியா?” என்றாள் மெதுவாக.

“ஆமாம்மா. உனக்குத் தெரியாம எடுக்கச் சொல்லிடலாம்னு…”

காப்பாளர் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டார். மகள் அவர் பக்கம் திரும்பினாள்.

“சார், நீங்க ‘பணிப்பெண்’னு எழுதியிருக்கீங்களே, அது இவங்கதான். எங்க அம்மா. அவங்க தூங்கல. இந்த அட்டைய எடுத்துடுங்க.”

காப்பாளருக்கு முகம் செத்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை. எழுத்து நன்றாக வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில், எழுதப்பட்டவர் உயிரோடு இருப்பார் என்று யோசிக்காதவர். “அய்யய்யோ, மன்னிச்சுக்குங்கம்மா” என்றார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? நான் கதை கட்டல. குமாஸ்தாவோட நாட்குறிப்பு இருக்கு. ‘அவள் மணி அடிக்கவில்லை என்கிறாள். நான் இழுத்துப் பார்த்தேன், நன்றாக அடிக்கிறது. தூங்கியிருக்கிறாள்’னு தெளிவா இருக்கு. கிண்டலா எழுதினது தப்பு, அதை இப்பவே எடுத்துடறேன். ஆனா தூங்கலன்னு எழுதணும்னா எனக்கு ஏதாவது ஆதாரம் வேணும் மேடம். இது அருங்காட்சியகம்.”

“அவங்க சொல்றாங்களே, அது ஆதாரம் இல்லையா? அம்மா, சொல்லும்மா.”

அம்மா சொன்ன சொல் மகளைத் தூக்கிவாரிப் போட்டது.

“எனக்கே தெரியலடி.”

“என்னம்மா சொல்ற?”

“அன்னைக்குப் பூரா நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்னு எனக்கு ஞாபகம். காய் நறுக்குனேன், பாத்திரம் கவுத்தேன். பெரியம்மா மணி அடிக்கல. நாலு மணிக்கு டீ கொண்டு போறேன், அவங்க…” நிறுத்தினாள். வீட்டு எஜமானியை அந்த வீட்டில் எல்லாருமே பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். “சோதிச்சுப் பார்த்தோம், மணி அடிக்குதுன்னு சொன்னாங்க. படிச்சவங்க பொய் சொல்வாங்களா? அப்ப, ஒரு அஞ்சு நிமிஷம் எனக்கே தெரியாம கண் அசந்திருக்குமோன்னு… நாப்பது வருஷமா அதைத்தான் யோசிக்கிறேன். தூங்குனவளுக்குத் தூங்குனது எப்படித் தெரியும் சொல்லு?”

மகள் இதை எதிர்பார்க்கவில்லை. அம்மா வெளியே சொன்ன சொல்லை உள்ளே நம்பாமலேயே இத்தனை வருஷம் இருந்திருக்கிறாள். அட்டையை எடுத்துவிட்டால் போதும் என்று வந்தவளுக்கு, இப்போது அது போதாது என்று தோன்றியது. உண்மையில் என்ன நடந்தது என்பது தெரிய வேண்டும்.

தொழில் பழக்கம் உடனே தலையெடுத்தது. லிஃப்டில் ஒருவர் மாட்டிக்கொண்டு அபாய மணி அடித்தும் யாரும் வரவில்லை என்று புகார் வந்தால், விவரமில்லாத ஆள் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, ‘மணி நல்லா இருக்கே’ என்று போய்விடுவான். விவரம் தெரிந்த ஆள் ஒருத்தரை அழுத்தச் சொல்லிவிட்டு, கேட்க வேண்டியவர் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்ப்பான். மணி அடிக்கிறதா என்பது பாதிக் கேள்விதான். அது யார் காதில் என்னவாக விழுகிறது என்பது மீதிப் பாதி.

“சார், அந்தக் குமாஸ்தா இழுத்துப் பார்க்கும்போது அம்மா எங்க இருந்தாங்கன்னு எழுதியிருக்கா?”

“இல்லையே.”

“நான் பின்கட்டுல இருந்தேன்” என்றாள் அம்மா. “அழுதுக்கிட்டு.”

“அப்ப சமையலறைக்குச் சத்தமே வராம இருந்திருக்கலாம். நடுக்கதவு சாத்தியிருந்தா? ஒரு தடவை இழுத்துப் பார்த்துடலாமா சார்?”

‘எதையும் தொடாதீங்க’ என்று நாளைக்கு நூறு தரம் சொல்கிற மனிதர் அவர். மணிப்பலகையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

“கம்பிக்கு எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன்” என்றார். “அறுந்தா நான் பார்த்துக்கறேன். போங்க.”

சாவதற்கு முந்தின நாள்தான் பெரியம்மாவை, முழங்கால் வலி முற்றிப்போனதால், மாடியிலிருந்து கீழே புத்தக அறைக்கு மாற்றியிருந்தார்களாம். அம்மா அன்று மகளுக்குப் புதுப் பள்ளியில் சேர்க்கை என்று இரண்டு நாள் விடுப்பில் இருந்தவள், மறுநாள் மத்தியானம்தான் வேலைக்குத் திரும்பினாள். இதையெல்லாம் நடந்துகொண்டே சொன்னாள். பிறகு சமையலறைக்குள் போய், தான் வழக்கமாக உட்காரும் ஜன்னலோர முக்காலியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து மணிப்பலகை தெரியாது, நடுவில் சுவர். காப்பாளர் நடுக்கதவைச் சாத்திவிட்டுப் பலகைக்கு எதிரே நின்றுகொண்டார்.

மகள் புத்தக அறைக்குப் போனாள். கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவே ஓர் ஒற்றைக் கட்டில். தலைமாட்டுச் சுவரில் பித்தளைப் பிடி. மற்ற அறைகளில் பார்த்த பிடிகளில் கொடியும் பூவுமாக வேலைப்பாடு இருந்தது. இது வெறும் மொட்டைப் பிடி, அவசரத்துக்கு வைத்தது போல. அதைப் பற்றி இழுத்தாள். எங்கோ சுவருக்குள் ஏதோ நகர்ந்தது. விட்டாள். காத்திருந்தாள்.

அம்மாவின் குரல் வந்தது. கிழட்டுக் குரல் இல்லை. இரண்டு கட்டு தாண்டிக் கேட்கிற மாதிரி, வேலைக்காரர்கள் ஒருவருக்கொருவர் கத்திச் சொல்கிற குரல்.

“விருந்தாளி ரூம்! காத்துதான், விடு!”

மகள் ஓடி வந்தாள். காப்பாளர் பலகையின் எதிரே சிலைபோல நின்றிருந்தார். இடமிருந்து ஆறாவது மணி. அதன் ஊசல் சாவகாசமாக ஆடிக்கொண்டிருந்தது. மேலே சட்டத்தில் இருந்த சீட்டில், குண்டு குண்டான எழுத்தில், ‘பெரியம்மா’ என்று எழுதியிருந்தது.

“மேடம்” என்றார் அவர், குரல் தாழ்த்தி. “அவங்க என்ன சொன்னாங்க?”

மகள் கதவைத் திறந்தாள். “அம்மா, இது எந்த மணி?”

“அதான் சொன்னேனே. மாடியில விருந்தாளி ரூம். அந்தக் கம்பி கொஞ்ச தூரம் வெளிச்சுவத்துல கூரைக்கடியில ஓடும். காத்து பலமா அடிச்சா தானா அடிக்கும். யாரும் எந்திரிக்க மாட்டோம். பெரியம்மா மணி இதுவா? அது சின்ன மணி, கீச்சுன்னு இருக்கும். முத மணி. நீ எதைப் பிடிச்சு இழுத்த?”

காப்பாளர் முதல் மணியைப் பார்த்தார். அதன் சட்டம் காலியாக இருந்தது. சீட்டு இல்லை.

மகள் புத்தக அறைக்குத் திரும்பினாள்; மற்ற இருவரும் பின்னால் வந்தார்கள். பிடிக்கு மேலே சுவர்ப்பலகையில் ஒரு சின்னக் கதவு, கம்பியைப் பழுது பார்க்க வைத்தது. திறந்து, கைப்பையிலிருந்த டார்ச்சை அடித்தாள். பார்த்த மாத்திரத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. இந்த அறைக்கென்று கம்பியே கிடையாது. புத்தகம் படிக்கிறவர் எதற்கு மணி அடிக்கப் போகிறார்? மாடியிலிருந்து விருந்தாளி அறைக் கம்பி இந்தச் சுவர் வழியாகக் கீழே இறங்கிப் போயிற்று. அன்று புதுப்பிடி வைக்க வந்த ஆள், பெரியம்மாவின் பழைய அறைக் கம்பியை வீட்டின் அந்தக் கோடியிலிருந்து இழுத்து வருவதைவிட, கைக்கெட்டிய இதை வெட்டி, கீழ்த்துண்டில் புதுப்பிடியை முடிந்துவிட்டான். மேல்துண்டு வெட்டிய இடத்தில் சுருண்டு, எதோடும் சேராமல் தொங்கியது. குமாஸ்தா தன் பங்குக்கு முதல் மணியின் சீட்டை எடுத்துவிட்டு ஆறாவது மணியில் ‘பெரியம்மா’ என்று புதுச் சீட்டுச் செருகிவிட்டார். சீட்டைப் பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரி.

“நீ தூங்கலம்மா!” மகள் அம்மாவின் இரண்டு தோளையும் பிடித்தாள். “நீ சொன்னது சத்தியம். பெரியம்மாவோட பழைய மணி அடிக்கவே இல்ல. அடிச்சிருக்கவும் முடியாது. குமாஸ்தா இழுத்துப் பார்த்தது வேற மணி!”

அம்மா அவளைப் பார்க்கவில்லை. தொங்கிய கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு விருந்தாளி ரூம் மணி அடிச்சுது” என்றாள்.

காப்பாளர் நடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“மூணு தரம். காய் நறுக்கும்போது ஒரு தரம். அப்புறம் ரெண்டு. ‘சனியன் பிடிச்ச காத்து’ன்னு திட்டுனேன். காத்துல அடிக்கிற மணிய யாரு ஞாபகத்துல வெப்பாங்க? யாருகிட்டயும் சொல்லல. சொல்லணும்னு தோணவே இல்ல.” டார்ச் வெளிச்சத்தில் விரலை நீட்டி வெட்டுப்பட்ட நுனியைக் காட்டினாள். “மேல அறுத்துட்டா, காத்து எப்படிடி இந்த மணிய அடிக்கும்?”

அடிக்காது. கம்பி வேலை தெரிந்த மகளுக்கு அது முன்பே தெரிந்துவிட்டது. அம்மாவுக்குத் தெரியாமல் போய்விடாதா என்று ஒரு நப்பாசை. வெளிச்சுவரில் ஓடும் பகுதியோடு தொடர்பே இல்லாதபோது, அன்று அந்த மணியை அடித்திருக்கக் கூடிய கை ஒன்றே ஒன்றுதான்.

அம்மா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். காப்பாளர் தடுக்கவில்லை.

“தூங்கியிருந்தாத் தேவலாம் போலிருக்கே” என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு குழந்தையை ‘ஓடாதே’ என்று அதட்டினார்கள். காப்பாளர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்தார்; கையை எங்கே வைப்பது என்று தெரியாதவர்கள் செய்கிற காரியம்.

“நான் புதுசா எழுதிடறேம்மா. ‘பணிப்பெண் உறங்கவில்லை. குமாஸ்தா கம்பி மாற்றத்தைச் சரியாகத் தெரிவிக்காததால் நேர்ந்த பிழை’. சரியா?”

“அதான் சரி” என்றாள் மகள் அவசரமாக. “அதோட நிறுத்திக்குங்க.”

“சரியில்ல” என்றாள் அம்மா. “அவரு தெரிவிச்சாரு. நான் அன்னைக்கு வந்து செருப்பக் கழட்டும்போதே சொன்னாரு, ‘மணி மாத்தியிருக்கு, பலகையப் பார்த்துக்கோ’ன்னு. நான்தான், ‘பலகையப் பார்க்கிறவங்கல்லாம் புது ஆளுங்க, எனக்குக் காது இருக்கு’ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க பழைய மணியையே இந்த அறைக்குக் கட்டிட்டாங்கன்னு நெனச்சேன். எனக்கு அந்த வீட்டுல பேரே பாம்புக்காது. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தரம் நான் அந்தப் பலகைய அண்ணாந்து பார்த்ததில்ல தம்பி. அது எனக்குப் பெருமை.”

“அவரு எந்த மணின்னு விவரமாச் சொல்லியிருக்கணும்ல?” மகளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. “உன்னக் கூப்பிட்டு, நிக்க வெச்சு, அடிச்சுக் காட்டியிருக்கணும். எங்க வேலையில அப்படித்தான் செய்வோம். சீட்டு எழுதி வெச்சுட்டா ஆச்சா?”

“செஞ்சிருக்கலாம். நானும் எட்டிப் பார்த்திருக்கலாம். அஞ்சடி. ஊசல் ஆடிக்கிட்டுத்தான் இருந்திருக்கும். போன மனுஷன்மேல தூக்கிப் போட்டுட்டு நான் தப்பிக்கவா? என்மேல ஒருத்தன் தூக்கிப் போட்டதுதான் தெரியுமே, எப்படி இருக்கும்னு.”

“அம்மா, வர்றவங்கல்லாம் படிப்பாங்கம்மா. ‘கேட்டும் வரல’ன்னு படிப்பாங்க. தூங்கினான்னு படிக்கிறதவிட அது மோசம்.”

“உள்ளது உள்ளபடி இருந்தா மோசமா இருந்துட்டுப் போகட்டும்” என்றாள் அம்மா. “நாப்பது வருஷமா எனக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியாம இருந்தேன். இப்பத் தெரிஞ்சிருக்கு. அதுல பாதிய மறைக்கச் சொல்றியா? நீ எழுது.”

மகள் பேனாவை வாங்கினாள். பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பழுதானால் அவள்தான் அறிக்கை எழுதுவாள். அடைமொழி இல்லாமல், நடந்த வரிசையில், யார் எங்கே நின்றார் என்று எழுதிப் பழகிய கை. அம்மா சொல்லச் சொல்ல எழுதினாள். கடைசி வரிக்கு முன்னால் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதையும் எழுதினாள்.

காப்பாளர் வாங்கிப் படித்தார்.

‘இந்த ஆறாவது மணி விருந்தினர் அறைக்கு உரியது. எஜமானி கீழே குடிமாறிய நாளில், இதன் கம்பி வெட்டப்பட்டு அவர் அறைக்குக் கட்டப்பட்டது. சீட்டு மாற்றப்பட்டது, ஓசை மாறவில்லை. மறுநாள் பிற்பகல் எஜமானி மூன்று முறை இழுத்தார். மூன்று முறையும் மணி அடித்தது. பணிப்பெண் விழித்திருந்தார். ஓசையைக் கேட்டு, காற்று என்று நினைத்தார். பலகையைப் பார்க்கவில்லை. போகவில்லை.’

“சேர்க்கவோ எடுக்கவோ ஒண்ணும் இல்ல” என்றார் காப்பாளர். நூற்றுப் பதினாறு அட்டை எழுதிய மனிதர் வேறொருவர் எழுத்தைப் பற்றிச் சொன்னது அது. “இன்னைக்கே மாட்டிடறேன்.” பழைய அட்டையைக் கழற்ற அவர் நடைக்குப் போனார்.

அம்மா எழுந்திருக்கவில்லை. தலைமாட்டுப் பிடியை நிமிர்ந்து பார்த்தாள்.

“இருபத்திரண்டு வருஷம் ஓடியிருக்கேன், இந்த மாதிரிப் பிடி ஒண்ணைக்கூட இழுத்ததில்ல பாரு” என்றாள். “இழுத்தா இங்க இருக்கிறவங்களுக்குக் கேக்குமா, கேக்காதா?”

“தெரியலம்மா. முன்னாடி இழுக்கும்போது நான் உன் குரலுக்குத்தான் காத்திருந்தேன்.”

அம்மா கையைத் தூக்கி, பிடியைப் பற்றி இழுத்தாள். சுவருக்குள் கம்பி நகர்ந்தது. இருவரும் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள். இரண்டு சுவர் தாண்டி, கனத்த குரலில், மெலிதாக ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், ஆறாவது மணி அடித்தது.

“கேக்குது” என்றாள் அம்மா.

“ம்.”

“அப்ப மணி அடிச்சது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.” பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. “நான் வந்துக்கிட்டு இருக்கேன்னு நெனச்சிருப்பாங்கடி. எப்பவும் வர்றவதானே.”